பெயரற்றோர் துயிலும் முற்றம்



ஒரு கட்டடத்துக்கும் ஒரு கவிதைக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட உறவின் வரலாறே இவ்வுரையின் பொருள். கட்டடம், இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஸ்லவ் நகரை அடுத்துள்ள ஸ்டோக் போஜஸ் என்னும் சிற்றூரின் புனித ஜைல்ஸ் தேவாலயம். கவிதை, 1751ஆம் ஆண்டில் வெளியான தாமஸ் கிரேயின் இரங்கற்பா. சிற்றூர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றில் மாலைப்பொழுதில் நிற்கும் ஒருவனின் சிந்தனையாக அமைந்த அப்பாடல் நூற்றிருபத்தெட்டு அடிகளைக் கொண்டது. தேவாலயமோ ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளைக் கண்டது. பாடலை அறிந்தோர் பலர். கட்டடத்தைக் கட்டடமாகவே படித்தோர் சிலர். கட்டடத்தை முதலில் படித்து, பின் பாடலுக்கு வருவதே முறை. ஏனெனில் பாடல் சொல்லும் செய்தியை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சுவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டன.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸ்டோக் என்பது பழைய ஆங்கிலப் பெயர். 13ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் நிலவுரிமை பெற்ற அமீசியா என்னும் பெண், போஜஸ் குடும்பத்து ராபர்ட்டை மணந்தார். அன்றுமுதல் கணவர் வீட்டுப் பெயர் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நிலம் உடையவரின் பெயர் ஊருக்கே நிலைத்துவிடுகிறது. நிலத்தை உழுதவர் பெயர் எங்கும் நிலைப்பதில்லை. இத்தேவாலயத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு வகைப் பெயர்களுக்கும் இடையே நடப்பதுதான்.

தேவாலயம் ஊர் நடுவில் இல்லை. வீடுகளை விட்டு விலகி, வயலும் மரங்களும் சூழ, பழைய நிலக்கிழார் மாளிகையின் அருகில் நிற்கிறது. ஜைல்ஸ் என்னும் புனிதர் முடவர்களுக்கும் இரவலர்களுக்கும் காவலராகக் கருதப்படுபவர். செல்வர் மாளிகைக்கு அருகே எளியோரின் காவலர் பெயரால் ஓர் ஆலயம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டடத்தின் சுவர்கள் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. நல்ல கட்டடக் கல் கிடைக்காத சுண்ணமண் நிலப்பகுதிகளில், வயல்களிலும் குழிகளிலும் கிடைக்கும் இக்கல்லைச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்புவது தென்னிங்கிலாந்தின் வழக்கம். உருண்டையும் கூருமாக உள்ள இக்கல்லைச் சதுரமாகச் செதுக்குவது கடினம். ஆகவே சுவரின் உடல் சிக்கிமுக்கிக் கல்லாகவும், மூலைகளும் சன்னல் ஓரங்களும் மட்டும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த செதுக்கு கல்லாகவும் அமையும். ஊர் நிலத்துக் கல்லும் விலைகொடுத்து வாங்கிய கல்லும் எங்கெங்கே உள்ளன என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஓர் ஊரின் பொருள்நிலை அதன் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கிழக்கே உள்ள பீடப் பகுதியில் நார்மன் காலத்து வேலைப்பாட்டைக் காணலாம். தடித்த சுவரும், சிறிய வட்ட வளைவுச் சன்னலும் அக்காலத்தின் அடையாளங்கள். அங்கிருந்து மேற்கே நடுக்கூடத்துக்கு வந்தால் வளைவின் வடிவம் மாறிவிடும். இருபுறமும் தூண் வரிசைகள் நிற்க, அவற்றின்மேல் கூர்முனை வளைவுகள் எழுகின்றன. இது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கோதிக் பாணி. வட்ட வளைவின் அகலம் கூடினால் உயரமும் கூடியே ஆகவேண்டும். கூர்முனை வளைவில் அந்தக் கட்டாயம் இல்லை. அகலம் எதுவாயினும் வேண்டிய உயரத்துக்கு எழுப்பலாம். மேற்கூரையின் பாரமும் சற்றே செங்குத்தாகத் தரையை நோக்கி இறங்கும். இந்த ஒரு மாற்றத்தால் தூண் மெலிந்தது, இடம் விரிந்தது, வெளிச்சம் பெருகியது. நடுக்கூடத்தின் இருமருங்கும் பக்கக்கூடங்கள் சேர்ந்து, கூடுதலான மக்கள் நிற்க இடமாயிற்று. ஊர் வளர்ந்ததைக் கட்டடம் இவ்வாறு தன் உடலாலேயே குறித்துக்கொண்டது.

கோபுரம் மேற்கு வாயிலில் இல்லாமல் வடபுறம் நிற்பது இத்தேவாலயத்தின் தனித்தன்மை. தென்புறத்தில் மரத்தாலான இடைக்கால முன்மண்டபம் உள்ளது. இக்காலக் கண்ணுக்கு முன்மண்டபம் வெறும் நுழைவிடம். இடைக்காலச் சிற்றூரிலோ அது பாதி ஊர்ச் சாவடியாகவே இருந்தது. திருமணச் சடங்கின் முதற்பகுதியும் திருமுழுக்கின் தொடக்கமும் தேவாலய வாயிலிலேயே நடப்பது வழக்கம். உடன்படிக்கைகளும் அங்கே பேசப்பட்டன. தச்சர் இழைத்த அம்மரத் தூண்களில் எத்தனை தலைமுறைகளின் கைகள் பட்டிருக்கும்!

இத்தனையும் கட்டியவர் யார்? இங்கேதான் மௌனம் தொடங்குகிறது. தச்சர், கொத்தர், சுண்ணாம்பு சுட்டவர், வண்டியோட்டியவர் ஆகியோரில் ஒருவர் பெயரையும் சுவர் சொல்வதில்லை. ஆனால் யார் எதைப் பேணவேண்டும் என்பதில் இங்கிலாந்தின் பழைய திருச்சபை வழக்கம் தெளிவானது. பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது பத்தில் ஒரு பங்கு வரியைப் பெறும் உரிமையாளரின் கடமை. நடுக்கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை. ஆகவே பல சிற்றூர்த் தேவாலயங்களில் பீடப் பகுதிக்கும் நடுக்கூடத்துக்கும் காலமும் பாணியும் வேறுபடுவதில் வியப்பில்லை. ஒரே கூரையின்கீழ் இரண்டு பணப்பைகள் வேலை செய்தன.

இறந்தவர்க்கும் இவ்வாறே இடம் வகுக்கப்பட்டது. பீடத்துக்கு அருகில் பெருமக்கள், கூடத்தின் தளத்தடியில் வசதியுள்ளோர், வெளியே புல்வெளியில் மற்ற அனைவரும். ஸ்டோக் போஜஸிலும் 14ஆம் நூற்றாண்டில் அரசவையில் உயர்நிலை பெற்றிருந்த சர் ஜான் டி மோலின்ஸின் நினைவிடம் பீடப் பகுதியில் உள்ளது. வெளியே புதைக்கப்பட்ட உழவருக்குக் கல் நடும் வழக்கம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான் பரவலாயிற்று. அதற்கு முன் மண்மேடோ மரப்பலகையோதான் அடையாளம். இரண்டையும் மழை சில ஆண்டுகளில் அழித்துவிடும்.

16ஆம் நூற்றாண்டில் பெரும் மாற்றம் வந்தது. 1534ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபையை ரோமாபுரியிலிருந்து பிரித்தார். 1549ஆம் ஆண்டில் ஆங்கில மொழி வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. புரியாத இலத்தீனைக் கேட்டு நின்ற ஊரார் தம் தாய்மொழியில் மறுமொழி சொல்லும் நிலை பிறந்தது. இவற்றுக்கு நடுவே 1538ஆம் ஆண்டில் பிறந்த ஆணை ஒன்றுண்டு. ஒவ்வொரு சேகரத்திலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும் என்று அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் பணித்தார். இதன் நோக்கம் ஆட்சி வசதியே. எனினும் அதன் விளைவு பெரிது. கல்லில் இடம் பெறாத உழவனின் பெயரும் வாழ்நாளில் மூன்று முறையாவது தாளில் ஏறியது. எளியவர்க்கு வரலாறு கொடுத்த முதல் இடம் அந்தப் பதிவேடுதான்.

இம்மாற்றங்களின் நடுவே ஸ்டோக் போஜஸ் தேவாலயம் மேலும் ஓர் உறுப்பைப் பெற்றது. அதுவே தென்கிழக்கிலுள்ள ஹேஸ்டிங்ஸ் சிற்றாலயம். 1558ஆம் ஆண்டைச் சேர்ந்த இது செங்கல்லால் ஆனது. சாம்பலும் வெண்மையும் கலந்த பழைய சிக்கிமுக்கிச் சுவரின் அருகே அச்செம்மை தனித்துத் தெரிகிறது. இதை எழுப்பிய எட்வர்டு ஹேஸ்டிங்ஸ் பிரபு அரசி மேரியின் நம்பிக்கைக்குரியவர். பழைய கத்தோலிக்க நெறியில் உறுதி கொண்டவர். ஊரில் முதிய ஏழைகளுக்கு ஓர் அறவிடுதியை நிறுவி, அவர்களின் வழிபாட்டுக்கென இச்சிற்றாலயத்தை அமைத்தார். அதே 1558ஆம் ஆண்டு நவம்பரில் மேரி இறந்தார், எலிசபெத் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே ஆங்கிலிக்கன் வழிபாடு மீண்டும் சட்டமாயிற்று. 1561ஆம் ஆண்டில் பழைய முறைப்படி பூசை கண்ட குற்றத்துக்காக ஹேஸ்டிங்ஸ் சிறைப்பட்டார். அவர் எழுப்பிய சிற்றாலயமோ அவர் ஏற்காத நெறியின் வழிபாட்டில் பங்குகொண்டு நிலைத்தது. கட்டியவரின் கொள்கையைச் செங்கல் அறியாது. ஏழைகள் அமர இடம் என்ற அவருடைய நோக்கம் மட்டும் எஞ்சியது.

அருகிலிருந்த மாளிகையின் பெருமையும் சிறிதல்ல. புகழ்பெற்ற சட்ட அறிஞர் சர் எட்வர்டு கோக் அங்கு வாழ்ந்தார். 1601ஆம் ஆண்டில் எலிசபெத் அரசி அங்கு விருந்தினராக வந்தார். 1647ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் அரசர் அங்கே காவலில் வைக்கப்பட்டார். மாளிகையில் இருந்தோர் ஊராரோடு கலவாமல் தேவாலயத்துக்குள் வரத் தனி நுழைவழியும் இருந்தது. இத்தனை பெருமை பெற்ற மாளிகையின் பெரும்பகுதி 1789ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. தேவாலயம் நிற்கிறது. அதன் கண்ணாடிகளுள் ஒன்றில், சக்கர வண்டி போன்ற ஒன்றின்மேல் அமர்ந்து எக்காளம் ஊதும் சிறுவன் உருவம் காணப்படுகிறது. மிதிவண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தீட்டப்பட்ட அதனை ‘மிதிவண்டிச் சன்னல்’ என்றே வந்து காண்போர் அழைக்கின்றனர்.

இத்தகைய இடத்துக்குத்தான் 1740களில் தாமஸ் கிரே அடிக்கடி வரலானார். அவர் 1716ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். தாய் டாரத்தி, தம் தமக்கையுடன் சேர்ந்து மகளிர் தொப்பியும் அணிமணிகளும் விற்கும் கடை நடத்தினார். பன்னிரு குழந்தைகளைப் பெற்றார். தாமஸ் ஒருவரே பிழைத்தார். கணவர் கொடுமை செய்பவர். அவரிடமிருந்து விலக வழி உண்டா என டாரத்தி சட்ட ஆலோசனை நாடியதும் பதிவாகியுள்ளது. மகனை ஈட்டன் பள்ளியில் படிக்கவைத்தது அத்தாயின் கடை வருவாய். 1741ஆம் ஆண்டில் கணவர் இறந்தபின் டாரத்தி ஸ்டோக் போஜஸில் தம் சகோதரியோடு வந்து தங்கினார். கேம்பிரிட்ஜில் வாழ்ந்த மகன் விடுமுறைகளில் தாயிடம் வந்து போனார். 1742ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய உயிர்த்தோழர் ரிச்சர்டு வெஸ்ட் இளமையிலேயே இறந்தார். 1749ஆம் ஆண்டில், தாயோடு கடை நடத்திய பெரியன்னை இறந்து இக்கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். இத்துயரங்களின் நடுவே மெல்ல வளர்ந்த பாடலை 1750ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டோக் போஜஸிலிருந்தே தம் நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு அனுப்பினார்.

தமிழ்க் கவிஞர்கள் இங்கே ஒன்றை உன்னலாம். தமிழின் கையறுநிலைப் பாடல்கள் மறைந்த மன்னனையும் வள்ளலையும் எண்ணிக் கலங்குபவை. அவற்றில் துயரத்துக்கு ஒரு பெயர் உண்டு. பாடப்பட்டவன் இன்னான் என்பது தெரியும். நடுகல்லும் வீரனின் பெயரையும் புகழையும் தாங்கியே நின்றது. கிரேயின் பாடல் யாருக்காக இரங்குகிறது? நிலம் உழுதோருக்கு, அறுவடை செய்தோருக்கு, வாய்ப்பு வாய்த்திருந்தால் பெருங்கவிஞராகவோ தலைவராகவோ ஆகியிருக்கக் கூடியவர்க்கு. தனியொருவர் பெயரும் அக்கல்லறைகளிலிருந்து சொல்லப்படவில்லை. கையறுநிலையின் கண்ணீர், பெயர் அறியாதோர் மீது திரும்பியது என்று கொள்ளலாம்.

பாடலின் தொடக்கக் கையெழுத்துப் படி ஒன்று ஈட்டனில் உள்ளது. வாழ்ந்தும் விளங்காமற்போன திறமைக்கு உவமையாக அதில் கிரே எழுதியவை உரோமப் பெயர்கள்: கேட்டோ, சிசரோ, சீசர். பின்னர் அவற்றை நீக்கி ஹாம்ப்டன், மில்டன், குரோம்வெல் என மாற்றினார். அரசரின் முறையற்ற வரியை எதிர்த்த ஜான் ஹாம்ப்டன் இதே பக்கிங்காம்ஷயரைச் சேர்ந்தவர். கண் இழந்த மில்டன், 1665ஆம் ஆண்டில் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது வந்து தங்கிய சிற்றூரும் இதே மாவட்டத்தில்தான். நூலறிவின் பெயர்களை விடுத்து மண்ணின் பெயர்களை எடுத்த அத்திருத்தத்தில்தான் பாடல் ஸ்டோக் போஜஸின் மண்ணில் வேர்கொண்டது.

ஆயினும் பாடலில் ஊரின் பெயர் இல்லை. ஆகவே அது குறிப்பது இத்தேவாலயத்தைத்தானா என்னும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. ஸ்லவுக்கு அருகிலுள்ள அப்டன் தேவாலயமும் உரிமை கோருகிறது. வேறு ஊர்களும் கோருகின்றன. பாடலில் வரும் யூ மரம் இங்கே முன்மண்டபத்தின் அருகில் நிற்கிறது என்பர் ஒரு சாரார். யூ மரம் இங்கிலாந்தின் எத்தனையோ கல்லறைத் தோட்டங்களில் நிற்பதே என்பர் மறு சாரார். பாடலில் யூவோடு சேர்ந்து வரும் எல்ம் மரங்களோ, 1970களில் கடுமையாகப் பரவிய நோயால் இங்கிலாந்தெங்கும் கோடிக்கணக்கில் மடிந்தன. மரத்தைச் சான்றாகக் கொண்டு வழக்காட இனி இயலாது. கவிஞர் பெயர் சொல்லாமல் விட்டது மறதியால் அன்று. பெயர் சொல்லியிருந்தால் பாடல் ஓர் ஊருக்கு உரியதாகியிருக்கும். சொல்லாததால் எல்லா ஊருக்கும் உரியதாயிற்று.

தம் பெயரையும் அவர் சொல்லவில்லை. இதழ் ஒன்று தம் இசைவின்றிப் பாடலை அச்சிட முனைவதை அறிந்து, 1751ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் டாட்ஸ்லி என்னும் பதிப்பாளர் வழியாக விரைந்து வெளியிடச் செய்தார். ஆசிரியர் பெயர் வேண்டாம் என்பது அவர் விதித்த கட்டளை. விலை ஆறு பென்ஸ். அதே ஆண்டில் பல பதிப்புகள் வெளிவந்தன. 1757ஆம் ஆண்டில் அரசவைக் கவிஞர் பதவி தேடி வந்தபோது அதனையும் மறுத்தார்.

1753ஆம் ஆண்டு மார்ச் மாதம் தாய் இறந்தார். தேவாலயத்தின் கிழக்குச் சுவருக்கு வெளியே, ஏழைகளின் வழிபாட்டுக்கென எழுந்த ஹேஸ்டிங்ஸ் சிற்றாலயத்தை ஒட்டி, தமக்கை துயிலும் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். மேடையாகக் கட்டிய எளிய செங்கல் கல்லறை, மேலே ஒரு கற்பலகை. பல பிள்ளைகளின் அன்புமிக்க தாய் என்றும், அவர்களுள் ஒருவனே அவருக்குப் பின் வாழும் துயரத்துக்கு ஆளானான் என்றும் பொருள்பட அதில் கிரே எழுதிவைத்தார். அந்த ஒருவனின் பெயரை அங்கும் எழுதவில்லை. 1771ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் காலமானார். அவருடைய உயில், ஸ்டோக் போஜஸில் தாய் அமைத்த கல்லறையில், அவர் அருகே தம்மை வைக்கும்படி கேட்டது. அவ்வாறே செய்தனர். அக்கற்பலகையில் கவிஞரின் பெயர் பொறிக்கப்படவில்லை. எதிரே தேவாலயச் சுவரில் பின்னர் பதித்த சிறு கல் ஒன்றே, அவர் இங்கு இருக்கிறார் என்று வழிப்போக்கருக்குச் சொல்கிறது.

உலகம் அவ்வளவில் விட்டுவிடவில்லை. 1778ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 1799ஆம் ஆண்டில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேரர் ஜான் பென், ஜேம்ஸ் வயட் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு தேவாலயத்தை அடுத்த வெளியில் பெரும் பீடம் ஒன்றை எழுப்பி, பாடலின் அடிகளை அதில் பொறித்தார். சிற்றூர்த் தேவாலயத்தின் அருகே நிற்கும் அப்பெருஞ்சின்னத்தைப் பார்ப்போர்க்கு ஒரு முரண் தோன்றாமற்போகாது. பெருஞ்சின்னங்கள் உயிரைத் திரும்ப அழைக்குமா எனக் கேட்ட பாடலுக்கே ஒரு பெருஞ்சின்னம்!

எனினும் புகழால் நன்மையும் விளைந்தது. இருபதாம் நூற்றாண்டில் லண்டனின் வீடுகள் மேற்கு நோக்கிப் பெருகின. ஸ்லவ் தொழில் நகராக வளர்ந்தது. தேவாலயத்தைச் சூழ்ந்த வயல்களும் மனைகளாகிவிடும் நிலை. அப்போது பாடலை நேசித்தோர் முனைந்ததால் நினைவுச்சின்னமும் அதைச் சூழ்ந்த வயலும் 1925ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளையின் காப்பில் வந்தன. 1930களில் அருகே அமைந்த நினைவுத் தோட்டமும் அவ்வமைதிக்கு அரணாயிற்று. கோபுரத்தின் மேலிருந்த மரக்கூம்பு மட்டும் தாங்காமல், 1924ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. மரம் உளுத்தது, மாளிகை இடிந்தது, வயலைக் காத்தது நான்கடிச் செய்யுள்களின் தொகுதி.

ஆனால் இதனைக் கவிதையின் வெற்றி என்று மட்டும் கொள்வது பாதி உண்மையே. பாடல் வருமுன்னரே பல நூற்றாண்டுகளாக அச்சுவரைக் காத்துவந்தவர் யார்? ஒவ்வோர் ஆண்டும் கூரை ஓட்டை பார்த்தவர், ஒழுகும் இடத்தை அடைத்தவர், தம் பங்கு நடுக்கூடத்துக்குக் காசு கொடுத்த ஊரார். அவர்கள் காத்துத் தந்திராவிடில் மாலையில் வந்து நிற்க ஒரு முற்றமே கிரேக்கு இருந்திராது. பெயரற்றோர் கவிஞருக்கு ஓர் இடம் தந்தனர். கவிஞர் பெயரற்றோர்க்கு ஒரு குரல் தந்தார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஸ்டோக் போஜஸ் தேவாலயத்தின் முழு வரலாறு.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு வாழ்வதும் இத்தகைய பேணலால்தான். மலரில் அச்சாகும் பெயர்கள் சில. நாற்காலி எடுத்துப் போட்டவர், அழைப்பிதழ்க்கு அஞ்சல்தலை ஒட்டியவர், மழை நாளிலும் வந்து கேட்டிருந்த ஐவர் ஆகியோரின் பெயர்களுக்கு எம்மலரிலும் பக்கம் இருப்பதில்லை. ஒரு கவிஞர் தம் பெயரை எங்கே எழுதவேண்டும் என்பதற்கு ஸ்டோக் போஜஸில் ஒரு விடை கிடக்கிறது. தாயின் பெயர் எழுதிய கல்லின்கீழ், தம் பெயர் எழுதாமல், அவர் துயில்கிறார். அவருக்கு அப்பால் புல்லடியில் துயில்வோர், அவர் பாடிய அந்த ஊரார்.